சின்ன அடைப்பு

எங்கள் தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் யாரும் கையை வீசிக்கொண்டு பார்க்கப் போகமாட்டோம். ஒரு பாக்கெட் ரொட்டி, கொஞ்சம் சாத்துக்குடி, முடிந்தால் ஆப்பிள். அதைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்து, என்ன வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவேண்டும். கேட்காமல் எழுந்து வந்தால் அக்கறை இல்லாதவள் என்று பெயர் வந்துவிடும். பதில் சொல்வது வீட்டுக்காரர்களின் கடமை. நானும் எத்தனையோ வீட்டுக்குப் பழம் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்குப் பழம் வந்தபோதுதான் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

எனக்குப் பேச வராது. நாலு பேர் நடுவில் நின்றால் நாக்கு உள்ளே போய்விடும். படிப்பும் ஐந்தாவது வரைதான். இதை எழுதச் சொன்னது என் மருமகள் ரேவதி. இந்த நோய் இன்னும் எத்தனை வீட்டில் பெயர் தெரியாமல் கிடக்கிறதோ, எழுதுங்கள் அத்தே என்றாள். பிழைகளை அவளே திருத்திக் கொடுத்தாள். வெட்கமான இடங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது என்றாள்.

நாங்கள் ஆம்பூருக்கு வெளியே இருக்கிறோம். நான் வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கிறவள். அப்பர் என்றால் ஷூவின் மேல் தோல். கம்பெனியில் வெட்டி, ஓட்டை போட்டு, மூட்டையாக ஏஜெண்ட் வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அங்கே போய் எடுத்துவந்து, கையால் தைத்து, ஜோடி சேர்த்துத் திருப்பிக் கொடுப்போம். எனக்கு மூட்டை தூக்கிவந்து போடுகிறவன் என் மகன் சங்கர். அவன் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினில் நிற்கிறான். ரேவதி அதே கம்பெனியில் செக்கிங். சங்கர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவன் அப்பா காமாலையில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கதையும் இதில் ஓரிடத்தில் வரும்.

சங்கருக்குப் பக்கத்து மெஷின் யுவராஜ். இருவரும் ஒரே வயது, முப்பது ஆகவில்லை. ஒருநாள் டீ நேரத்தில் நெஞ்சு எரிகிறது, கேஸ் போல என்று யுவராஜ் சோடா வாங்கிக் குடித்திருக்கிறான். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது சங்கர்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள்.

காரியம் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கரும் திரும்பினான். ஆனால் அந்த ஆட்டோவை விட்டு அவன் இறங்கவில்லை என்பது எங்களுக்குப் புரிய நாளாயிற்று.

முதலில் கண்ணாடி. காலையில் பல் தேய்த்ததும் கண்ணாடி முன்னால் நின்று ஈ என்று பல்லைக் காட்டுவான். இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்குவான். தன் பெயர், ரேவதி பெயர், ஊர் பெயர் எல்லாம் வாய்விட்டுச் சொல்வான். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். ரேவதிதான் விஷயத்தைச் சொன்னாள். மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டால் பக்கவாதம் வரும், அதற்கு ஸ்ட்ரோக் என்று பெயர், வந்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும் என்று போனில் பார்த்திருக்கிறான். தனக்கு வந்துவிட்டதா என்று சோதித்துக்கொள்கிறான். காலையில் ஒரு தடவை என்று இருந்தது, போகப் போக வண்டிக் கண்ணாடியிலும் இளிக்க ஆரம்பித்தான்.

அடுத்தது நாடி. சாப்பிடும்போதும் பேசும்போதும் இடது கையின் இரண்டு விரல் கழுத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நின்றது. முட்டை நின்றது. சாம்பாரில் உப்பு நின்றது. கடைசியில் மூட்டையும் நின்றது. கனம் தூக்கினால் நெஞ்சுக்கு ஆகாது என்றான். நான் மூட்டையைப் பிரித்துப் பாதி பாதியாக இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தேன். "உங்க புள்ளைக்கு மூச்சு விடறதே ஒரு வேலையாப் போச்சு அத்தே" என்று ரேவதி சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் நடந்தது அதுதான்.

பக்கத்து டாக்டரிடம் போனோம். ஈசிஜி எடுத்தார். நெஞ்சிலும் கை காலிலும் ஒயர் ஒட்டி, இதயம் துடிப்பதைக் காகிதத்தில் கோடாகப் போடுவது. கோடு நன்றாக இருக்கிறது என்றார். அன்று சங்கர் சிரித்துக்கொண்டே வந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில், முந்தின மாதம் யுவராஜுக்கு எடுத்திருந்தாலும் கோடு நன்றாகத்தானே இருந்திருக்கும் என்று ஆரம்பித்துவிட்டான். நன்றாக இருக்கிறது என்ற சொல் அவனுக்கு ஒரு வேளைதான் தாங்கியது. அடுத்த வேளைக்கு மறுபடி வேண்டும். நானும் "உனக்கு ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஒருநாள் மெஷினில் நிற்கும்போதே அவனுக்கு நெஞ்சு பிசைந்து, இடது கை விரல்களும் உதடும் மரத்துப்போய், வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டான். யுவராஜைப் பார்த்த கம்பெனி அது. சூப்பர்வைசர் கொஞ்சமும் யோசிக்காமல் வண்டி வைத்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். நானும் ரேவதியும் பின்னாலேயே பஸ்ஸில் போனோம். பஸ் மாதனூர் தாண்டியது. அப்புறம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் என் கையைப் பிடித்ததில்லை.

அங்கே எல்லாம் பார்த்தார்கள். திரும்பவும் ஈசிஜி. பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத்தின் தசை அடிபட்டிருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கசியுமாம், அதைத் தேடுவது. எக்கோ என்பது வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரிதான், பசை தடவி இதயத்தைத் திரையில் பார்ப்பது. ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டு ஒரு பரிசோதனை. ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை வைத்து மூளைக்கு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். ரேவதி தன் சீட்டுப் பணத்தை எடுத்திருந்தாள். யாரையும் கேட்காமல் கட்டிவிட்டு வந்து நின்றாள்.

கவனித்துப் பார்க்கவேண்டும் என்று சங்கரை வார்டில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் சித்தூர் பக்கத்து ஆள், நிஜமாகவே ஸ்ட்ரோக் வந்தவர். அவர் வாயின் ஒரு ஓரத்தில் கஞ்சி வழியும். அவர் மனைவி துடைத்துத் துடைத்து ஊட்டுவாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குத் தெலுங்கு அரைகுறை. தன் டப்பாவிலிருந்த புளிச்சோற்றில் பாதியை எனக்குத் தள்ளினாள். உன் பிள்ளைக்கு என்ன என்று கையால் கேட்டாள். அந்த நேரம் பார்த்து சங்கர் தானே எழுந்து நடந்து பாத்ரூமுக்குப் போனான், ஆறடி ஆள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சோற்றைச் சாப்பிட எனக்குக் கூசியது.

வீட்டுக்குப் போகலாம் என்ற நாளில் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வைத்துச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது, மூளையும் நன்றாக இருக்கிறது, குடும்பத்திலும் இந்த நோய் இல்லை. அவன் வலி பொய் இல்லை, பயத்தால் வருகிற வலி. அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றே போய்விடலாம் என்று ரேவதி சொன்னாள். சங்கர் என் முகத்தைப் பார்த்தான். நான், தைக்காத ஜோடி கிடக்கிறது, ஏஜெண்ட் திட்டுவாள், இன்னொரு நாள் வரலாம் என்று சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். என் மகனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ற எண்ணம்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பழம் வந்தது. முதலில் அடுத்த வீட்டு நூர்ஜஹான் ஆப்பா. ஆப்பா என்றால் அக்கா. எனக்கு மூத்தவர், என்னோடு அப்பர் தைக்கிறவர். அவர் பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர், கம்பெனியில் சங்கரோடு ஒரே லைனில் நிற்கிற ஆட்கள். கட்டில் ஓரம் ஆப்பிளும் ரொட்டியும் குவிந்துவிட்டது. வேலூருக்கே பஸ் ஏறி வந்து பார்த்திருப்போம், நேரம் கிடைக்கவில்லை என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். சங்கர் குளிக்கப் போயிருந்தான். ரேவதி அடுப்படியில் இருந்தாள்.

"இன்னா சொன்னாங்க சரசா?" என்று ஆப்பா கேட்டார்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் பழங்களைப் பார்த்தேன். இத்தனை பழத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் இல்லை, பயம்தான் என்று எப்படிச் சொல்வது? வார்டில் யாரோ யாருக்கோ சொன்ன வார்த்தை என் வாயில் வந்தது.

"சின்ன அடைப்பு. மாத்திரையிலயே கரைஞ்சிடும்னாங்க."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஆப்பா என் தலையைத் தடவி, துவா செய்கிறேன் என்றார். எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்கள். என் வீட்டில் எனக்கே தண்ணீர். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது. நான் பேசி நாலு பேர் கேட்டது அன்றுதான்.

அந்த வார்த்தை தெருவைத் தாண்டி, ஏஜெண்ட் வீட்டைத் தாண்டி, கம்பெனிக்குள்ளே போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம் லைனில் இருக்கும் ஒருவன் சங்கருக்குப் போன் செய்து, அடைப்பு எந்தப் பக்கம், ஸ்டென்ட் வைக்கவேண்டி வருமா என்று ஆதரவாகக் கேட்டிருக்கிறான். ஸ்டென்ட் என்பது அடைபட்ட ரத்தக் குழாய் மூடாமல் இருக்க உள்ளே வைக்கும் சின்ன வலைக்குழாய். அடைப்பு என்று யார் சொன்னது என்று இவன் கேட்க, உன் அம்மாதான் என்று அவன் சொல்லிவிட்டான்.

சங்கர் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நான் தைத்துக்கொண்டிருந்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டான்.

"எப்பமா சொன்னாங்க உன்கிட்ட?"

யாரும் சொல்லவில்லை, நான்தான் பழத்துக்குக் கூச்சப்பட்டுப் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். உனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்பாகிட்ட இன்னா சொன்ன? ஒண்ணும் இல்ல, வெறும் காமாலைன்னு சொன்ன. கல்லீரல் மொத்தமும் போச்சுன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போ எனக்கா?"

எங்கள் பக்கம் பெரிய நோயை நோயாளியிடம் சொல்லமாட்டோம். சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அவன் அப்பாவிடம் கடைசிவரை அப்படித்தான் நடித்தோம். பத்தாவது படிக்கிற பிள்ளையையும் நடிக்கவைத்தேன். இப்போது நான் எவ்வளவுக்கு எவ்வளவு ஒன்றும் இல்லை என்கிறேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவனுக்கு நிச்சயமாகிறது. ரிப்போர்ட்டைக் காட்டினாலும், உண்மையான ரிப்போர்ட்டை எங்கே வைத்திருக்கிறாய் என்கிறான்.

அன்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கம்பெனிக்குப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் ஏதாவது ஆகிவிடும் என்று துணி காயப்போடக்கூட மேலே போகமாட்டான். ரேவதியை அருகில் கூப்பிட்டு, வயசு இருக்கிறது, இன்னொரு வாழ்க்கை பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறான். அவள் அடுப்படியில் வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சூப்பர்வைசர் போன் செய்து, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பேன், பிறகு மெஷினில் வேறு ஆள் நிறுத்திவிடுவேன் என்றார். இல்லாத அடைப்பில் என் மகன் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தான். அதை அவனுக்குக் கொடுத்தது நான்.

ரேவதிதான் முடிவு எடுத்தாள். நான் மடித்து வைத்த சீட்டைக் கேட்டு வாங்கினாள். சீட்டு எழுதிய வேலூர் டாக்டரையே நேரில் கேட்டால் நம்புவாயா என்று சங்கரைக் கேட்டாள். சரி என்றான். போனோம். அந்த டாக்டர் அவனையே திரை முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி காட்டினார். அடைப்பு எதுவும் இல்லை, சீட்டு கொடுத்த இடத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். சங்கர் அவரையும் முழுசாக நம்பவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டதால் மனநலப் பிரிவுக்கும் வந்தான்.

நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். சங்கிலியும் கூச்சலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆம்பூர் பஸ்ஸில் வருகிற ஜனங்கள்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முந்தானை இழுத்திருந்தது நான் ஒருத்திதான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சங்கர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அடைப்புக் கதையை நான் சொல்லவேண்டி வந்தது. பாதிவரை சொன்னேன். மீதியை ரேவதி சொன்னாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. சங்கரைப் பார்த்து, கை மரத்துப்போவது எப்படி என்று காட்டட்டுமா என்றார். வேகவேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்லி, தானும் கூடவே விட்டார். கொஞ்ச நேரத்தில் சங்கர் பயந்து, விரல் மரக்கிறது, உதடு மரக்கிறது என்றான். பயத்தில் நமக்குத் தெரியாமலே மூச்சு இப்படி ஓடும், ரத்தத்தில் இருக்கிற காற்றின் அளவு மாறும், விரலும் உதடும் மரக்கும், மெதுவாக விட்டால் சரியாகிவிடும் என்று விளக்கினார். சங்கர் விரலைத் தேய்த்துக்கொண்டே, எனக்கு நோய் இருப்பதால் மரக்கலாமே என்றான்.

பின்னால் உட்கார்ந்து முந்தானைக்குள் நானும் அவர்களோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பார்த்திருந்தேன். சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எனக்கும் மரத்துப்போச்சு டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். ரேவதி சிரித்தாள். சங்கர் திரும்பி என் விரல்களைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் தன் கையை விட்டு இன்னொருவர் கையைப் பார்த்தான்.

டாக்டர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நெஞ்சு வலி முதல் தடவை வந்தாலோ, நிஜமாக வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், எந்த வயதானாலும். எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, சோதிப்பதுதான் நோயை வளர்க்கும். கண்ணாடி, கழுத்து நாடி, போனில் தேடுவது மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். வலி வேறு மாதிரி வந்தால், புதிதாக ஏதாவது வந்தால், வந்து காட்டவேண்டும். நடக்கவேண்டும், படி ஏறவேண்டும், வேலைக்குப் போகவேண்டும். ஒரு மாத்திரையும் கொடுத்தார். அவன் ஒன்றும் இல்லையே என்று கேட்கும்போதெல்லாம் இல்லை இல்லை என்று வீட்டில் சொல்லக்கூடாது. சொல்லச் சொல்ல இன்னும் கேட்பான். அது எனக்கான வைத்தியம்.

திரும்பும்போது பஸ்ஸில் சங்கர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நீ எப்படி வேணா நடிச்சு சொல்லுவ. ஊர்ல போய் அடைப்பு இல்ல, மனசுக்கு வைத்தியம் பாக்கறோம்னு சொல்லு. அப்போ நம்பறேன். நடிக்கிறதுக்காக யாரும் அத சொல்லமாட்டாங்க."

அதை எந்த வாயால் சொல்வேன் என்று நினைத்தேன். ஆனால் அவன் கணக்கு சரிதான். அடைப்பு என்று சொன்னால் தண்ணீர் கொடுப்பார்கள். மனநலம் என்று சொன்னால் வாசலில் கோலம் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெட்கப்பட்டுச் சொல்கிற வார்த்தை ஒன்றுதான் அவனுக்கு நிஜம்.

ஏஜெண்ட் வீட்டு வாசலில் சனிக்கிழமை எல்லாப் பெண்களும் கூடுவோம், தைத்ததைக் கொடுத்துப் புது மூட்டை வாங்க. அந்தச் சனிக்கிழமை சங்கர் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, இறங்காமல் தள்ளி நின்றான். நான் என் ஜோடிகளைக் கொடுத்தேன். ஏஜெண்ட் எண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அடைப்பு கரைந்ததா என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். வாசற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அடைப்பு இல்லமா. நான் பொய் சொன்னேன். அவன் இதயம் நல்லாத்தான் இருக்கு. யுவராஜ் போனதுல இருந்து பயம். வேலூர்ல மனசு டாக்டர்கிட்ட காட்டறோம்."

எண்ணுவது நின்றது. யாரோ ஒருத்தி, அதுதான் கண்ணாடியைப் பார்த்து இளிப்பானாமே என்று முணுமுணுத்தாள். ஒருத்தி என் பக்கத்திலிருந்து தன் மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவள் பெயரை எழுதவில்லை. என் காது இரண்டும் எரிந்தது. நூர்ஜஹான் ஆப்பா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிப்பாவி. அப்போ என் ஆப்பிள திருப்பிக் குடு. கிலோ இன்னா வெல தெரியுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஆப்பா குரலை இறக்கி, தன் தம்பி மகளுக்கும் இதே பேஜார்தான், பிள்ளை பெற்றதிலிருந்து மூச்சு அடைக்கிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள், அந்த டாக்டர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். ஏஜெண்ட் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

என் பெயருக்கு வந்த புது மூட்டையைப் பாதியாகப் பிரிக்க நான் குனிந்தேன். பிரிக்கவேண்டாம் என்று பின்னால் சங்கர் குரல் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். எவ்வளவு நேரமாக நின்றிருந்தான் என்று தெரியாது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டான். நாலு எட்டு வைத்தான், நின்றான். வியர்த்துவிட்டது. இடது கை கழுத்துக்குப் போனது. இரண்டு விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லையே என்று கேட்கிற பார்வை. உனக்கு ஒண்ணும் இல்லடா என்பது என் தொண்டைவரை வந்துவிட்டது. நான் குனிந்து, கீழே சிந்தியிருந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். எவ்வளவு பொறுக்க முடியுமோ அவ்வளவு பொறுக்கினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது மூட்டை அவன் தோளிலிருந்து சரியப் பார்த்தது. அதைப் பிடிக்க ஒரு கை போதவில்லை. கழுத்திலிருந்த கையை எடுத்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.